எண்ணெய், அரப்பு, உருமால்: எங்க ஊர் ஆம்பளைங்க தோலைப் பார்த்துக்கிட்ட கதை

தம்பி பையனுக்கு வைகாசியில கல்யாணம். மாசியிலேயே முகம் பழுத்த மிளகாய் மாதிரி ஆயிருச்சு. வெயில்ல நின்னா எரியுதுங்கறான், கன்னத்துல பொடிப்பொடியா பரு, மூக்கு ஓரத்துல சிவப்பு நூல் மாதிரி நரம்பு தெரியுது. கேட்டா வாயைத் திறக்கலை. அவன் அம்மாதான் பனியனுக்கு அடியில இருந்து ஒரு டியூப்பை எடுத்துட்டு வந்தா. போட்டோ எடுக்கறதுக்குள்ள கொஞ்சம் கலர் வரணும்னு மருந்துக்கடையில கேட்டு வாங்கி மூணு மாசமா தடவியிருக்கான்.

கோயமுத்தூர்ல தோல் டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். டியூப்பைப் பார்த்ததுமே, "இது ஸ்டீராய்டுங்க. முகத்துக்குப் போடற கிரீம் கிடையாது" என்றார். அதை விடுவிக்க ஒரு மருந்து எழுதிட்டு, தினசரிக்கு மூணே வேலை சொன்னார். காரம் குறைந்த சோப்பில் முகம் கழுவணும். ஈரம் காக்கும் கிரீம் போடணும். வெயிலுக்கு முன்னாடி சன்ஸ்கிரீன், தலைக்குத் துணி.

வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட இதைச் சொன்னேன். அவங்களுக்கு எண்பது தாண்டிருச்சு. பேரனைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு, "கழுவு, எண்ணெய் போடு, உருமால் கட்டு. உங்கப்பாரு செஞ்சதும் இதே மூணுதானே கண்ணு. இதுக்கா ஐநூறு ரூபா?" என்றார்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. எங்கய்யனுக்கு இருந்த ஒரு வழக்கம் அவர் பேரனுக்கு எப்படி இல்லாமப் போச்சு? இடையில என்ன நடந்துச்சு? அதைத்தான் இங்க எழுதிப் பார்க்கறேன்.

புதனும் சனியும்

ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கும் நாள்கள் தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களில் இப்படித்தான். எங்கய்யன் சனிக்கிழமை காலையில கோவணத்தோட தொண்டுப்பட்டி ஓரத்துல உட்காருவார். செக்கில் ஆட்டின நல்லெண்ணெயில ரெண்டு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுக் காய்ச்சியிருக்கும். உச்சந்தலையில ஆரம்பிச்சு உள்ளங்கால் வரைக்கும் தேய்ப்பார். அரை மணி நேரம் ஊறுவார். அப்புறம் வெந்நீரும் அரப்பும்.

அரப்பு என்பது உசிலை மரத்து இலையைக் காய வெச்சு இடிச்ச பொடி. அதிலும் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சப்போனின் என்ற பொருள் இருக்கு. தண்ணியில நுரைக்கும், எண்ணெயைப் பிடிச்சு இழுத்துட்டு வரும். ஆனா மொத்த எண்ணெயையும் வழிச்சு எடுத்துறாது. மேல ஒரு மெல்லிய பூச்சு மிஞ்சும். தோலுக்குள்ள இருக்கற ஈரம் வெளியே ஓடாமத் தடுக்கறது அந்தப் பூச்சுதான். இன்னைக்கு மாய்ஸ்சரைசர்னு விக்கறது செய்யற முக்கியமான வேலையும் இதுதான்.

இதை யாரும் அழகுன்னு நினைச்சுச் செய்யலை. உழவு ஓட்டறவன் காலெல்லாம் வெடிச்சிருக்கும். கதிரறுத்தா நெல்லுச் சுணை கையைக் கிழிச்சிருக்கும். பித்தவெடிப்புக்கு விளக்கெண்ணெய். சொறி சிரங்குக்கு வேப்பெண்ணெய். மாட்டுக்குக் கொம்பு சீவி எண்ணெய் தடவற மாதிரி, வண்டி அச்சுக்கு மை போடற மாதிரி, இது உழைக்கிற உடம்புக்குச் செய்யற பராமரிப்பு.

இன்னொரு விஷயமும் உண்டு. எண்ணெய் தேய்ச்ச நாள்ல வெயில்ல அலையக் கூடாது, கடும் வேலை கூடாது. வாரத்துல ஒரு நாள் லீவுன்னு சட்டம் எதுவும் இல்லாத காலத்துல, உழவனுக்குக் கிடைச்ச ஓய்வு இந்த எண்ணெய்க் குளியலோட சேர்ந்து வந்ததுதான்.

ஆனா அந்த ஓய்வு எல்லாருக்கும் கிடைச்சதா? இல்லைங்க. பண்ணையத்துக்கு இருந்தவங்களுக்குச் சனியும் கிடையாது, புதனும் கிடையாது. தீபாவளிக்குப் பண்ணைக்காரர் கொடுக்கற எண்ணெயும் சீயக்காயும்தான் வருஷத்துக்கு ஒரு குளியல்னு எங்க பக்கம் வயசானவங்க சொல்லக் கேட்டிருக்கேன். கிணத்துத் தொட்டித் தண்ணியைத் தொடக்கூட அவங்களை விட்டதில்லை. அந்தக் காலத்துல எல்லாரும் ஆரோக்கியமா இருந்தாங்கன்னு வாட்ஸப்ல வர்றதைப் படிக்கும்போது இதையும் சேர்த்து நினைச்சுக்கங்க.

படிகாரக் கல்

முகத்தைப் பொறுத்தவரைக்கும் ஊருக்கே ஒரே வல்லுநர் நாவிதர்தான். மரத்தடியில சவரம், வெட்டுக்காயம் பட்டா படிகாரக் கல். படிகாரம் சதையைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்தும், கிருமியையும் கொஞ்சம் கட்டுப்படுத்தும். கட்டி உடைக்கறதும் புண்ணுக்குக் களிம்பு போடறதும் அவர்தான். அந்தச் சமூகத்துக்கு மருத்துவர்ங்கற பேரு சும்மா வரலை. கொங்குக் கல்யாணத்துல மங்கல வாழ்த்துச் சொல்றதும் அவர்தான். கூலி பணமா இருக்காது. அறுவடையில களத்துல அளந்து போடற தானியம்தான். இங்கேயும் ஊர் வழக்கம் குறுக்கே நின்னது. சேரிக்காரர் முகத்துல அந்தக் கத்தி பட ஊர் விட்டதில்லை.

அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் 1904-ல் பாதுகாப்பான சவரக் கத்திக்குக் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அதைக் கொடுத்தாங்க. தானே சவரம் பண்ணிக்கற பழக்கம் அப்படிப் பரவி, பிளேடும் ஒரு சின்னக் கண்ணாடியும் கடைசியில எங்க ஊர்த் திண்ணைக்கும் வந்துச்சு. அதுவரைக்கும் ஒரு குடியானவன் தன் முகத்தைத் தினமும் பார்த்ததே கிடையாது. பார்க்க ஆரம்பிச்ச பிறகுதான், இது கறுப்பா இருக்கே, இங்க பரு இருக்கேன்னு கவலையும் ஆரம்பிச்சிருக்கும்னு எனக்குத் தோணுது.

சோப்பு வந்த வழி

1888-ல் கல்கத்தா துறைமுகத்தில் லீவர் கம்பெனியின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் வந்து இறங்கின. அது துணிக்கு. 1895-ல் லைஃபாய் வந்தது. முதல் உலகப் போர்ல மைசூர்ச் சந்தனக்கட்டை ஐரோப்பாவுக்குப் போக முடியாமத் தேங்கினது. அதனால மைசூர் அரசு தானே சந்தன எண்ணெய் வடிக்க ஆரம்பிச்சு, பெங்களூர்ல சோப்புத் தொழிற்சாலையும் தொடங்குச்சு. டாட்டாவின் ஹமாம் 1931-ல்.

கிராமத்துக்கு இதெல்லாம் மெதுவாத்தான் வந்துச்சு. நான் சின்னப்பையனா இருந்தப்ப மளிகைக்கடையில பார் சோப்பை நூல் போட்டு அறுத்து விப்பாங்க. துணி துவைக்க வாங்கின அதே துண்டுலதான் பல ஆம்பளைங்க உடம்புக்கும் போடுவாங்க. பம்புசெட்டுல தொபதொபன்னு தண்ணி விழும், அடியில நின்னு தலையில இருந்து கால் வரைக்கும் ஒரே சோப்பு.

சோப்பால நல்லது நடந்துச்சு. பூச்சிமருந்து அடிச்சுட்டு வந்தவன் வெறும் தண்ணியில குளிச்சா போதாது, சோப்பு வேணும். சாணி அள்ளின கையைச் சோப்புப் போட்டுக் கழுவறது பல நோயைத் தடுக்கும். அரைக்க வேண்டாம், இடிக்க வேண்டாம், ஊற வேண்டாம். அரப்பு அரைச்சுக் கொடுத்தது வீட்டுப் பெண்கள்தானே, அவங்க வேலையும் குறைஞ்சது.

கெட்டதும் நடந்துச்சு. நம்ம தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது, அளவு 5-க்குப் பக்கம். சாதாரண சோப்பு காரம், 9-லிருந்து 10 வரைக்கும். தினமும் ரெண்டு வேளை காரம் பட்டா, தோல் மேல இருக்கற இயற்கையான எண்ணெயும் போயிரும். அந்தக் காலத்துல சோப்பு இல்லை, எண்ணெய் இருந்துச்சு. அப்புறம் சோப்பு வந்துச்சு, எண்ணெய் போயிருச்சு. ரெண்டும் சேர்ந்து இருந்திருக்கணும்.

இதை முன்னாடியே கவனிச்ச ஒருத்தர் வி.பி.சித்தன். சென்னையில் ரயில்வேயில் டாக்டரா இருந்தவர். தொழிலாளிகளுக்கு வர்ற தோல் தொந்தரவைப் பார்த்துட்டு, அவங்க குடும்பத்து மூலிகை எண்ணெய் முறையை வெச்சு வீட்டிலேயே கையால சோப்பு செஞ்சார். 1969-ல் அது மெடிமிக்ஸ் ஆச்சு. இன்னைக்கு வீடுவீடா இருக்கற அந்தப் பச்சை சோப்பு, கிரீஸ் படிஞ்ச ஆம்பளைங்க உடம்புக்காகத் தொடங்கினது.

வாசலினும் அப்படித்தான். பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டின தொழிலாளிகள், இயந்திரத் தண்டுல ஒட்டற மெழுகை எடுத்துத் தங்கள் காயத்துல தடவறதை ராபர்ட் செஸ்ப்ரோ பார்த்தார். அதைச் சுத்தம் பண்ணி 1872-ல் காப்புரிமை வாங்கினார். எண்ணெய்ப் பசை தோலைக் காக்கும்ங்கறது எங்கய்யனுக்கும் தெரியும், அந்த ஊர்த் தொழிலாளிக்கும் தெரிஞ்சிருக்கு.

கலர் வந்த பிறகு

இதுவரைக்கும் சொன்ன எல்லாத்துக்கும் ஒரே நோக்கம்தான்: புண் ஆறணும், வெடிப்பு மூடணும், அழுக்குப் போகணும். தோலோட நிறத்தை மாத்தறது அதுல இல்லவே இல்லை. மாப்பிள்ளைக்கு நலங்கு வைக்கும்போதுகூட எண்ணெயும் சந்தனமும்தான்.

1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. பெண்களுக்குன்னு விளம்பரம் பண்ணினாலும் அக்கா தங்கச்சி டியூப்பை ஆம்பளைப் பசங்க ஒளிச்சு ஒளிச்சுப் போட்டது எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். கம்பெனிக்காரங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? 2005-ல் ஆண்களுக்குன்னே ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் வந்துச்சு. ஷாருக் கான் விளம்பரத்துல நடிச்சார். 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பேருல இருந்த 'ஃபேர்'ஐ எடுத்துட்டு 'க்ளோ' ஆக்கிக்கிச்சு. ஆனா மனசுல விழுந்த வார்த்தை அவ்வளவு லேசுல போகுமா?

இதோட நிழல்ல வளர்ந்ததுதான் மருந்துக்கடை டியூப். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் மாதிரி ஸ்டீராய்டுகள் நல்ல மருந்துகள்தான், அரிப்புக்கும் அழற்சிக்கும் டாக்டர் பார்த்துச் சில நாள் கொடுப்பாங்க. முகத்துல மாசக்கணக்கா போட்டா முதல்ல வெளுத்த மாதிரி தெரியும், ஆசை காட்டும். பிறகு தோல் மெலிஞ்சு, ரத்தக் குழாய் தெரிய ஆரம்பிச்சு, பரு வரும், முடி முளைக்கும். நிறுத்தினா எரிச்சல் இன்னும் கூடும். அதனாலயே திரும்பத் திரும்பப் போடுவாங்க. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018-ல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்குச்சு. என் தம்பி பையன்கிட்ட எந்தச் சீட்டையும் யாரும் கேட்கலை.

உருமாலும் இதே காலத்துலதான் போச்சு. கிராப்பு வெட்டி, சட்டை போட்டு, பைக்குல போறவனுக்குத் தலைத்துணி பட்டிக்காட்டுத்தனமாத் தெரிஞ்சது. வெயில்ல கறுக்கறது, தோல் தன்னைக் காத்துக்க மெலனினைக் கூட்டறதுதான். தோல் போடற குடையைப் பிடுங்கறதுக்கு ஒரு கிரீம். மறைச்சிருக்க வேண்டிய துணியோ வீட்டுக் கொடியில தொங்குது.

இப்ப எங்க வீட்டுல

கதை தெரிஞ்ச பிறகு பழசு எல்லாத்தையும் திரும்பக் கொண்டு வரலை. பரு வர்ற முகத்துல நல்லெண்ணெய் போட்டா அடைச்சுக்கும், அதனால பசங்க முகத்துக்கு எண்ணெய் வேண்டாம்னு டாக்டரம்மா சொன்னார். இப்ப எங்க வழக்கம் இதுதான். காலையில முகம் கழுவி, சன்ஸ்கிரீன் போட்டு, வயலுக்குப் போகையில துண்டு. மருந்து அடிச்சா உடனே சோப்புக் குளியல். சாயங்காலம் கழுவிட்டு ஈரம் காயறதுக்குள்ள கிரீம். எனக்குக் கை காலுக்கு எண்ணெயே போதும். சனிக்கிழமை முடிஞ்சா எண்ணெய்க் குளியல். டாக்டர் எழுதாத டியூப் வீட்டுக்குள்ள வரக் கூடாது. உணர்ச்சி இல்லாத வெளுப்புத் தேமல் தெரிஞ்சா எதையும் தடவி மறைக்காம நேரா ஆஸ்பத்திரி.

வைகாசி வந்துச்சு. அவன் கன்னத்துச் சிவப்பு முழுசாப் போகலை. போட்டோக்காரர் கம்ப்யூட்டர்ல வெளுப்பாக்கித் தர்றேன்னார். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். "வேண்டாம் பெரியப்பா, இருக்கற மாதிரியே இருக்கட்டும்னு சொல்லிருங்க" என்றான்.

ஆல்பம் நேத்துத்தான் வந்துச்சு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்படியே உங்கய்யன் சாடை" என்றார். எங்கய்யன் நல்ல கறுப்பு.