ஒரு தூண்டில் முள்ளில் 10 பறவைகள்: 'ஃப்ளை' கட்டும் கலைக்கும் நம் காட்டுக்கோழிக்கும் என்ன தொடர்பு?

விரல் நீளம்கூட இல்லாத ஒரு தூண்டில் முள். அதைச் சுற்றிப் பட்டு நூல், வெள்ளி இழை, வண்ண வண்ண இறகுகள். பெயர் 'ஜாக் ஸ்காட்'. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்தில் சால்மன் மீன் பிடிப்பதற்காக உருவானது. இதன் பழைய செய்முறையை எடுத்து, எந்தெந்தப் பறவையின் இறகைக் கேட்கிறது என்று எண்ணினால் குறைந்தது 10 வருகிறது.

தென் அமெரிக்காவிலிருந்து நான்கு: டூக்கன், மக்கா கிளி, நீலக் கொட்டிங்கா, 'இந்தியன் க்ரோ'. ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு: நெருப்புக்கோழி, கினிக்கோழி. வட அமெரிக்காவின் வான்கோழி ஒன்று, சீனாவின் தங்க ஃபெசன்ட் ஒன்று. மீதி இரண்டும் இந்தியா: மயில், சாம்பல் காட்டுக்கோழி. ('இந்தியன் க்ரோ' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது இந்தியாவுக்கும் காக்கைக்கும் சம்பந்தமில்லாத தென் அமெரிக்கப் பறவை.)

ஸ்காட்லாந்து ஆற்று மீனைப் பிடிக்க, முதுமலைப் பக்கம் கூவித் திரியும் காட்டுக்கோழியின் இறகு எதற்கு? அதற்குப் பதில் தேட, முதலில் 'ஃப்ளை' என்றால் என்ன என்று பார்க்கலாம்.

ஃப்ளை என்பது என்ன?

நம் ஊர் ஏரியில் தூண்டில் போடுபவர் முள்ளில் மண்புழுவைக் குத்துகிறார். ஃப்ளை மீன்பிடிப்பில் உயிருள்ள இரை கிடையாது. பூச்சி மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக முள்ளின் மேல் நூல், முடி, இறகு எல்லாம் வைத்துக் கட்டுகிறார்கள். அந்தப் பொய்ப் பூச்சிதான் ஃப்ளை.

இதற்கு எடை கிட்டத்தட்ட இல்லை. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே தலைகீழ்: நரம்புக்கு எடை உண்டு, அது ஃப்ளையைச் சுமந்துகொண்டு போகிறது. சினிமாவில் ஆற்றுக்குள் நின்று சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசுவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த வீச்சின் காரணம் இதுதான்.

வகைகள் பல இருந்தாலும் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்:

- ட்ரை ஃப்ளை: நீரின் மேல் மிதக்கும். சேவலின் கழுத்து இறகை முள்ளைச் சுற்றிச் சுற்றினால் அதன் இழைகள் தூரிகைபோல் விரிந்து நிற்கும். அவைதான் இதை நீர்ப்பரப்பின் மேல் தாங்குகின்றன.
- வெட் ஃப்ளை: நீருக்குள் மூழ்கும்.
- நிம்ஃப்: பூச்சியாக மாறுவதற்கு முன் நீரடியில் வாழும் இளம் பருவத்தைப் போலச் செய்தது.
- சால்மன் ஃப்ளை: எந்தப் பூச்சியையும் போல இருக்காது. நம் கதை இங்கேதான் இருக்கிறது.

வைஸ் என்ன வேலை செய்கிறது?

லேத் பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அதே வைஸ்தான். அளவு மட்டும் சின்னது. முள்ளின் வளைந்த பகுதியைத் தாடையில் கவ்வவைத்தால் அதன் நேர்த்தண்டு படுக்கைவாட்டில் நிற்கும், இரண்டு கைகளும் வேலைக்கு விடுபடும்.

வைஸ் இல்லாமலும் கட்டலாம். 1676-இல் சார்ல்ஸ் காட்டன் எழுதியபோது, முள்ளை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்துக்கொண்டுதான் கட்டினார்கள். ஜப்பானில் 'தென்காரா' என்ற மலை ஓடை மீன்பிடிப்புக்கான 'கெபாரி'யை வெறும் விரலில் பிடித்துக் கட்டுபவர்கள் இன்றும் உண்டு. பூக்காரம்மா விரலையும் நாரையும் வைத்தே மல்லிகை கட்டி முடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

ஆனால் முள் சிறிதாகச் சிறிதாக விரல் போதாது. முள்ளின் அளவெண் ஏற ஏற முள் சிறியதாகும்: 12-ஐ விட 22 பொடிசு. எண் 1-க்கு வந்த பிறகு 1/0, 2/0 என்று எண்ணி, அங்கிருந்து முள் பெரிதாகும். 22-ஆம் எண் முள்ளை விரலில் பிடித்தால் கட்டுவதற்கே இடம் இருக்காது.

வைஸ் வாங்குபவர்கள் பார்ப்பது மூன்று விஷயம்:

- பிடி: நெம்புகோலை அழுத்தினால் தாடை இறுகும் ரகம் ஒன்று. அமெரிக்காவின் தாம்சன் நிறுவனம் பரவலாக்கிய 'மாடல் ஏ' இந்த வகை; அதைப் பார்த்துச் செய்த மலிவு விலை வைஸ்கள் இந்தியாவிலும் தயாராகி ஏற்றுமதியாகின்றன. ஸ்பிரிங் எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்க, நெம்புகோலை அழுத்தினால் தாடை திறக்கும் ரகம் இன்னொன்று. சோதனை எளிது: முள்ளின் முனையை விரலால் அழுத்துங்கள். முள் வளையலாம், தாடையில் நழுவக் கூடாது.
- சுழற்சி: 'ரோட்டரி' வைஸில் முள்ளின் தண்டு, சுழலும் அச்சுக்கு நேர்கோட்டில் இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் முள் இருந்த இடத்திலேயே சுழலும். பின்பக்கத்தையும் பார்க்கலாம், நூலையும் இழையையும் சீராகச் சுற்றலாம். நல்ல ரோட்டரி வைஸ் சில நூறு டாலர் வரை போகும்.
- அடித்தளம்: மேசை விளிம்பில் இறுக்கும் கிளாம்ப், அல்லது கனமான பலகைபோன்ற பீடம்.

கூடவே நூல் கண்டைத் தாங்கும் பாபின், கூர்மையான சின்னக் கத்தரி, கடைசி முடிச்சைப் போடும் ஒரு கம்பிக் கருவி. அடிப்படைச் சாமான்கள் இவ்வளவுதான்.

'பேட்டர்ன்' என்பது ஒரு சமையல் குறிப்பு

ஒவ்வொரு ஃப்ளைக்கும் ஒரு செய்முறை உண்டு. முள் எந்த அளவு, வால் எந்த இறகு, உடல் எந்த நூல், இறக்கை எது என்று வரிசையாகச் சொல்லும். அதைத்தான் 'பேட்டர்ன்' என்கிறார்கள்.

இந்தக் குறிப்புகளுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனிய ஆற்று மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் இரண்டு இறகுகளை வைத்துக் கட்டியதைப் பதிவு செய்தார். 1496-இல் இங்கிலாந்தில் அச்சான மீன்பிடி நூல் ஒன்று 12 ஃப்ளைகளைப் பட்டியலிட்டது. ஸ்பெயினின் லியோன் பகுதியில், ஃப்ளைக்கு ஏற்ற பளபளப்பான இறகுக்காகவே தலைமுறை தலைமுறையாகச் சேவல் வளர்க்கிறார்கள்.

பெரும்பாலான பேட்டர்ன்கள் எளிய பொருள்களில் முடிந்துவிடும். 1922-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லென் ஹாலடே உருவாக்கிய 'ஆடம்ஸ்', இன்றும் உலகம் முழுக்க விற்கும் ட்ரை ஃப்ளை. அதற்குத் தேவை பண்ணைச் சேவல் இறகும் சாம்பல் நிற முடியும்தான். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயரின் நிம்ஃபுக்கு இன்னும் குறைவு: ஃபெசன்ட் வால் இறகு, மெல்லிய செப்புக் கம்பி. நூல்கூட வேண்டாம், கம்பியே கட்டும் வேலையையும் பார்த்துக்கொள்ளும்.

அப்படியிருக்க, சால்மன் ஃப்ளைக்கு மட்டும் ஏன் 10 பறவைகள்?

பசிக்காத மீனும் தொப்பி வியாபாரமும்

ட்ரவுட் மீன் ஆற்றிலேயே மேய்ந்து வாழ்வது. அதற்கு முன்னால் வைக்கும் ஃப்ளை, அது தின்னும் பூச்சியைப் போல இருக்க வேண்டும். அட்லாண்டிக் சால்மனின் கதை வேறு. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும்போது அது ஏறக்குறைய சாப்பிடுவதையே நிறுத்திவிடுகிறது. ஆனாலும் முன்னால் வரும் ஃப்ளையைக் கவ்வுகிறது. கோபமா, பழக்கமா என்று விளக்கங்கள் பல உண்டு. எப்படியானாலும், எந்தப் பூச்சியைப் போலவும் இருக்க வேண்டிய கட்டாயம் சால்மன் ஃப்ளைக்கு இல்லை.

அந்தச் சுதந்திரத்தை விக்டோரியா காலத்துக் கனவான்கள் அலங்காரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதே காலத்தில் ஐரோப்பியப் பெண்களின் தொப்பிகளுக்காக உலகம் முழுவதிலுமிருந்து பறவைத் தோல்கள் கப்பல் கப்பலாக லண்டன் ஏலங்களுக்கு வந்துகொண்டிருந்தன. எந்த இறகு வேண்டுமானாலும் கிடைத்தது. 1895-இல் ஜார்ஜ் கெல்சன் வெளியிட்ட 'தி சால்மன் ஃப்ளை' என்ற நூல், இந்த ஆடம்பரச் செய்முறைகளை இலக்கணம் மாதிரி நிலைநிறுத்தியது.

இந்த இலக்கணத்துக்குள் நம் காட்டுக்கோழியும் மாட்டிக்கொண்டது. சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்தில் மட்டும் வாழ்வது. சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகு சொட்டி உறைந்த மாதிரி மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் இருக்கும். ஒரு கழுத்துத் தோலில் இப்படிப் பல இறகுகள் அளவுவாரியாக அடுக்கியிருக்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்துக் கட்டினால் ஃப்ளைக்குக் கண் வந்துவிடும். 'ஜங்கிள் காக்' என்ற பெயரில் எத்தனையோ பேட்டர்ன்களில் இது நிரந்தர இடம் பிடித்தது.

1902-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோல், இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பிரிட்டன் தன் பக்கத்தில் இறக்குமதித் தடைச் சட்டம் கொண்டுவர 1921 ஆனது. இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் சாம்பல் காட்டுக்கோழியை வேட்டையாடுவதும் அதன் இறகை விற்பதும் குற்றம். வெளிநாட்டுச் சந்தையில் சட்டப்படி விற்கும் 'ஜங்கிள் காக்' இறகு, அங்கேயே பண்ணையில் வளர்த்த பறவைகளிடமிருந்து கிடைப்பது.

2009: அருங்காட்சியகத்தில் திருட்டு

சட்டம் வந்தது, தொப்பி மோகம் போனது. செய்முறைப் புத்தகம் மட்டும் மாறவில்லை. பழைய பேட்டர்னை அசல் இறகிலேயே கட்ட வேண்டும் என்று நினைக்கும் ஒரு சிறு வட்டம் இருந்தது. அவர்களில் பலர் மீன் பிடிப்பதே இல்லை. கட்டி, கண்ணாடிச் சட்டத்தில் வைப்பதோடு சரி.

2009 ஜூன் மாதம் ஓர் இரவு, லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த எட்வின் ரிஸ்ட் என்ற அமெரிக்க மாணவர், டிரிங் நகரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கிளைக்குள் ஜன்னல் வழியாக நுழைந்தார். திருடியது 299 பறவைத் தோல்கள். பரிணாமக் கோட்பாட்டை டார்வினோடு சேர்ந்து முன்வைத்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவையும் அவற்றில் இருந்தன. ரிஸ்ட் திறமையான ஃப்ளை கலைஞர். இறகுகள் எங்கே விலைபோகும் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு நவம்பரில் பிடிபட்டார். 2011-இல் 12 மாதச் சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, 1,25,150 பவுண்ட் பறிமுதல் உத்தரவு வந்தது. முழுத் தோலாக மீட்கப்பட்டவை 200-க்கும் குறைவு. அவற்றிலும் அடையாளச் சீட்டோடு கிடைத்தவை சுமார் 100 மட்டுமே.

அந்தச் சீட்டு என்ன அவ்வளவு முக்கியமா? முக்கியம்தான். எந்த நாள், எந்த இடத்தில் சேகரித்தது என்ற தகவல் அதில் மட்டும்தான் இருக்கும். அது இல்லாத பறவைத் தோல், தலைப்பு வரிசை அழிந்துபோன எக்ஸெல் ஷீட் மாதிரி: எண்கள் இருக்கும், அர்த்தம் இருக்காது. பழைய இறகுகளில் படிந்த பாதரசத்தை அளந்து, கடல் மாசு எப்படிக் கூடியது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தேதியும் இடமும் தெரியாவிட்டால் அப்படிப்பட்ட ஆய்வு நடக்காது.

மாற்று இல்லையா?

தாராளமாக இருக்கிறது. சாயமேற்றிய கோழி, வான்கோழி இறகுகளில் டூக்கனின் மஞ்சளையும் கொட்டிங்காவின் நீலத்தையும் கொண்டுவருகிறார்கள். காட்டுக்கோழியின் புள்ளிக்கு அச்சிட்ட பிளாஸ்டிக் கண்கூட வந்துவிட்டது. ட்ரவுட் ஃப்ளைகளுக்கு, நீண்ட ஒரே சீரான இறகு வருமாறு அமெரிக்கப் பண்ணைகள் தனிச் சேவல் வம்சங்களையே உருவாக்கியிருக்கின்றன. 2011-இல் அந்த இறகுகளைத் தலைமுடியில் கோத்துக்கொள்ளும் ஃபேஷன் அமெரிக்காவில் கிளம்ப, மீன்பிடிக் கடைகளில் தட்டுப்பாடு வந்து விலை எகிறியது தனிக் கதை.

ஆற்றில் இறங்கும் சால்மன் மீனவர்களில் பெரும்பாலோர் இன்று முடியிலும் செயற்கை இழையிலும் கட்டிய எளிய ஃப்ளைகளைத்தான் போடுகிறார்கள். மீன் அதையும் கவ்வுகிறது. அசல் இறகைக் கேட்பது செய்முறைப் புத்தகமும் அதை நம்பும் மனிதர்களும்தான்.

இந்தியாவில் கட்டிப் பார்க்க ஆசையா?

இங்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல. மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி எச்.எஸ்.தாமஸ் 1873-இலேயே 'தி ராட் இன் இந்தியா' என்ற மீன்பிடி நூலை எழுதினார். நீலகிரியிலும் காஷ்மீரிலும் இப்போதுள்ள ட்ரவுட் மீன்கள், பிரிட்டிஷார் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை. நீலகிரியின் அவலாஞ்சியில் அதற்கென்றே குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள்.

தொடங்குபவர்களுக்கு மூன்று விஷயம்:

1. இறகு: கறிக்கடைச் சேவலின் கழுத்து இறகு பழகுவதற்குப் போதும். தானாக உதிர்ந்த மயில் தோகைக்கு உள்நாட்டில் சட்ட விலக்கு உண்டு. காட்டுக்கோழி உள்ளிட்ட மற்ற காட்டுப் பறவைகளின் இறகு, காட்டில் கீழே கிடந்தாலும் எடுத்து வராதீர்கள்.
2. இணையத்தில் வாங்கும்போது: 'ஒரிஜினல் ஜங்கிள் காக்' என்று இந்தியாவிலிருந்து யாராவது விற்றால், அது குற்றம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.
3. மீன்: ஆற்றில் இறங்கும் முன் வனத்துறை, மீன்வளத்துறை அனுமதி வேண்டுமா என்று பாருங்கள். காவிரியின் திமில் மகசீர், அற்றுப்போகும் கடைசிக் கட்டத்தில் உள்ள இனமாக 2018-இல் பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வைஸும் நூலும் ஒரு கோழி இறகும் இருந்தால் இந்தக் கலைக்கு வேறெதுவும் தேவையில்லை. காட்டுக்கோழியின் புள்ளி இறகைப் பார்க்க ஆசை வந்தால், முதுமலைக்கோ ஆனைமலைக்கோ விடியற்காலையில் போங்கள். பறவையோடு சேர்த்தே பார்க்கலாம்.