மாட்டுப்பட்டிக்கு வந்த சுவிஸ் காளைகள்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, ஏலக்காடுகளுக்கு நடுவே பூப்பாறை, தேவிகுளம் தாண்டி மூணாறு போனால், அங்கிருந்து 13 கி.மீ. தூரத்தில் மாட்டுப்பட்டி. இப்போ போகிறவர்களுக்கு அது ஒரு அணை, படகு சவாரி, அவ்வளவுதான். மலையாளத்தில் மாட்டுப்பெட்டி என்று எழுதுகிறார்கள். நம்ம காதுக்கு அது மாட்டுப்பட்டிதான், மாடு அடைக்கிற பட்டி.

ஒரு காலத்தில் இந்த ஊர் போடிக்கு இன்னும் நெருக்கம். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை கொண்டுபோன குட்டி ரயில் மாட்டுப்பட்டி வழியாகத்தான் போனது. அங்கிருந்து சரக்கு ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி போடிக்கு வரும். 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது.

1963-இல் இதே இடத்தில் இந்தோ-சுவிஸ் திட்டம் தொடங்கியது. மலைநாடான சுவிட்சர்லாந்து நம் மலைக்கு அனுப்பியது பிரவுன் சுவிஸ் மாடுகளை. நாட்டுப் பசுக்களோடு கலந்து உருவான இனத்துக்குப் பெயர் சுனந்தினி. பின்னாடி ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ரத்தமும் அதில் சேர்ந்தது. காளையை ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்த விந்து போனால் போதும். கேரளாவில் ஒன்றிரண்டு மாடு மட்டும் வைத்திருந்த சிறு விவசாயி வீட்டில் பால் கூடியது. 1976-இல் இதற்கென்று மாநில அரசின் கால்நடை வாரியமே வந்தது. வெளிநாட்டு உதவித் திட்டங்களில் இவ்வளவு தூரம் வேர் பிடித்தவை குறைவு என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் கணக்கில் வராத ஒன்று இருக்கு. உரிமம் இல்லாத காளைகளைக் காயடிக்கச் சொன்ன 1961-ஆம் ஆண்டு கேரளச் சட்டம் ஏற்கெனவே அமலில் இருந்தது. சுவிஸ்காரர்களை மட்டும் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. இரண்டும் சேர்ந்து வேலை செய்தபோது நாட்டுக் காளைகள் மறைந்தன. வைக்கம் பக்கத்து வெச்சூர் பசு, ஒரு மீட்டர்கூட உயரமில்லாதது, கிட்டத்தட்ட அழிந்தே போயிற்று. எங்கள் தொழிலில் பேக்கப் எடுக்காமல் பழைய வெர்ஷனை அழித்தால் வேலை போய்விடும்! 1989-இல் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோசாம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் மிச்சமிருந்த சில மாடுகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்ததால்தான் அந்த இனம் இன்று இருக்கிறது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மலைக்கு இந்தப் பக்கம், தேனி மாவட்டத்தில், மலைமாடுகள் இருக்கின்றன. பாலை வைத்து அளந்தால் அவை தோற்றுவிடும். அவற்றை வளர்ப்பது பாலுக்காக இல்லை. பகலில் காட்டில் மேய்கிற மாட்டை ராத்திரி வயலில் கிடை போடுவார்கள். விவசாயி அதற்குக் காசு கொடுப்பது சாணத்துக்கும் கோமியத்துக்கும். லிட்டர் கணக்கு எழுதுகிற நோட்டில் இந்த வருமானத்துக்குக் கட்டமே கிடையாது.