பைஹகீயின் எந்த நூலில் கண்டீர்?

ஸஹீஹுல் புகாரிக்கு ‘இர்ஷாதுஸ் ஸாரீ’ என்னும் விரிவுரையை எழுதிய இமாம் கஸ்தல்லானீ (ரஹ்) அவர்களை அறியாத ஆலிம் இரார். நபி (ஸல்) அவர்களின் வாழ்வையும் சிறப்புகளையும் கூறும் ‘அல்மவாஹிபுல் லதுன்னிய்யா’வும் அவர்களின் நூலே. அத்தகைய பேரறிஞர் மீது அவர்களின் காலத்திலேயே கெய்ரோவில் ஒரு வழக்கு எழுந்தது. முறையிட்டவர் இமாம் சுயூத்தீ (ரஹ்). தம் நூல்களிலிருந்து செய்திகளை எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்தைக் கூறாமல் விட்டுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. விசாரித்தவர் ஷைகுல் இஸ்லாம் ஜகரிய்யா அல்அன்ஸாரீ (ரஹ்).

குஜராத்தின் அகமதாபாத்தில் வாழ்ந்து 1628இல் மறைந்த அப்துல் காதிர் அல்ஐதரூஸ் அவர்கள் ‘அந்நூருஸ் ஸாஃபிர்’ நூலில் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார்கள். அதில் ஆசிரியர்களாகிய நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, சுயூத்தீ அவர்கள் ஆதாரம் காட்டிய விதம். கஸ்தல்லானீ பல இடங்களில் இமாம் பைஹகீயை மேற்கோள் காட்டியிருந்தார்கள். பைஹகீக்கோ நூல்கள் பல. அவற்றுள் எந்த நூலில் இச்செய்தியைக் கண்டார் என்று கூறட்டும் என்றார்கள் சுயூத்தீ. கஸ்தல்லானீயால் குறிப்பிட இயலவில்லை. பைஹகீயிடமிருந்து சுயூத்தீ எடுத்ததை, சுயூத்தீயிடமிருந்து இவர் எடுத்திருக்கிறார். அப்படியாயின் ‘பைஹகீயிடமிருந்து சுயூத்தீ எடுத்துக் கூறுகிறார்’ என்றல்லவா எழுதியிருக்க வேண்டும் என்பதே வாதம்.

பின்னர் கஸ்தல்லானீ அவர்கள், சுயூத்தீ தனித்து வாழ்ந்த நைல் நதியின் ரவ்ளா தீவுக்கு நடந்தே சென்றார்களாம். காலில் செருப்பில்லை, தலையில் தலைப்பாகையில்லை. கதவைத் தட்டி, தங்கள் மனம் என்மீது குளிர வேண்டும் என்று வேண்டினார்கள். குளிர்ந்துவிட்டது என்று உள்ளிருந்தே பதில் வந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

இதில் சுயூத்தீ அவர்களை மட்டும் உயர்த்திப் பேசுவது நேர்மையாகாது. பிறர் நூல்களை எடுத்துச் சிறிது மாற்றித் தமதாக்கிக்கொண்டார் என்று அவர்கள்மீதே இமாம் ஸகாவீ (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். இருவருக்கும் இடையே நெடுநாள் பகை இருந்ததையும் சேர்த்தே அதனை எடைபோட வேண்டும். ஆயினும் ஒன்று தெளிவு: நகலெடுத்தல் என்பதை அக்காலத்தார் எவரும் குற்றமாகக் கருதவில்லை. கிதாபுகள் பரவியதே நகலால்தான். ‘வர்ராக்’ எனப்பட்டோர் அதையே தொழிலாகக் கொண்டிருந்தனர். ‘ஃபிஹ்ரிஸ்த்’ இயற்றிய இப்னுந் நதீமும் அவர்களுள் ஒருவரே. ஆனால் ஒரு நூலை ஆசிரியரிடம் ஓதிக் கேட்டவர்களின் பெயர், இடம், நாள் ஆகியவை அந்தப் பிரதியிலேயே குறிக்கப்பட்டன. அறிவித்துக் கற்பிக்க இஜாஸா வழங்கப்பட்டது. எடுத்துக்கொள்ளத் தடையில்லை, யாரிடமிருந்து வந்தது என்ற ஸனது மட்டும் அறுபடக் கூடாது.

இன்று நம் மக்தபுகளிலும் மதரஸாக்களிலும் நடப்பதைப் பாருங்கள். யாரோ ஓர் உஸ்தாத் இரவெல்லாம் விழித்துத் தயாரித்த தஜ்வீத் பாடக் குறிப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது. மூன்றாவது கைக்கு வரும்போது அடியிலிருந்த பெயர் வெட்டப்பட்டிருக்கும். நான்காவது கையில் வேறொரு மதரஸாவின் முத்திரை ஏறியிருக்கும். ஸனதைப் பற்றி மாணவருக்குப் பாடம் நடத்தும் நாமே இதைச் செய்கிறோம்.

இந்நாட்டுச் சட்டம் ஆசிரியரிடம் கடுமை காட்டவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், பாடம் நடத்தும் தேவைக்காக ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை மீறலாகக் கொள்வதில்லை. ஆனால் 57ஆம் பிரிவு, ‘இது என் படைப்பு’ என்று கூறிக்கொள்ளும் உரிமையை எழுதியவருக்கு வழங்குகிறது; பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னரும் அது நீங்குவதில்லை. சுயூத்தீயின் முறையீடும் ஏறத்தாழ இதுவே. எழுதியவரின் பொருள் உரிமையைப் பொறுத்தவரை, நூலை வாங்கியவர் நகலெடுத்தால் என்ன, இல்மை மறைக்கலாமா என்று கேட்ட உலமாக்கள் உண்டு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, நூலாசிரியர் உரிமை ஷரீஅத்தில் மதிக்கத்தக்கது, அதை மீறலாகாது என்று தீர்மானித்தது. எனக்கு இதுவே சரியெனப் படுகிறது. பாட நூலை விற்று வாழும் ஆலிம்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

அப்படியாயின் எவ்வளவு நகலெடுக்கலாம்? தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடப் பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்துக் கொடுத்த கடையின்மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டை விசாரித்த அமர்வும் அவ்வாண்டு டிசம்பரில், கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுப்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் முழு நூல்களையே நகலெடுத்ததைப் பற்றிய கேள்வியைத் தனி விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. அந்த வழக்கில் அக்கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஐம்பது ரூபாய் மக்தப் நூலில் ஒன்றை மட்டும் வாங்கி, நாற்பது பிள்ளைகளுக்கு முழுவதுமாக நகலெடுக்கும் நம் வழக்கம் அந்த விடையில்லாத பகுதியில்தான் நிற்கிறது.