சின்னப்பர் ஆன பவுல்

பால்ராஜ், பால்துரை என்று கேட்டதும் பசும்பால் நினைவுக்கு வந்தால் குற்றமில்லை. ஆனால் அது ஆங்கில உச்சரிப்பில் வந்து சேர்ந்த பவுல். மூலம் இலத்தீன்: பவுலுஸ். பொருள், சிறியவன்.

மேல்குடி ரோமானியருக்கு மூன்று பெயர்: அழைக்கும் பெயர், குலப்பெயர், கடைசியில் பட்டப்பெயர். பட்டப்பெயரில் தயவுதாட்சண்யமே கிடையாது. சிசரோவில் இருப்பது கொண்டைக்கடலை. கவிஞர் ஒவிட்டின் பட்டப்பெயர் நாசோ, அதாவது மூக்கன். பவுலுஸும் இந்த ரகம்தான். நம் ஊரில் தாத்தாவின் பட்டப்பெயர் பேரன் வீட்டுக்கு அடையாளமாகிவிடுவதுபோல அங்கும் அது தலைமுறை தாண்டியது. எமிலியுஸ் குலத்துப் பவுலுஸ் ஒருவர் கி.மு. 216இல் கன்னே போரில் ஹன்னிபாலின் படையிடம் மடிந்தார். அதே பெயருள்ள மகன் கி.மு. 168இல் பித்னாவில் மக்கதோனிய அரசனை வென்றார். ஆள் எவ்வளவு வளர்ந்தாலும் பெயர் வளராது.

பெயரை உலகறியச் செய்தவர் தர்சு நகரத்து யூதர் ஒருவர். அவருடைய எபிரேயப் பெயர் சவுல், கேட்டுப் பெற்றவன். தமஸ்கு வழியில் மனம் மாறிக் கிறிஸ்தவரானபோதே பெயரும் மாறியது என்று பலர் நம்புகிறார்கள். விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் அப்படி இல்லை. மனமாற்றம் 9ஆம் அதிகாரத்தில். சவுலுக்குப் பவுல் என்றும் பெயருண்டு என்ற செய்தி 13ஆம் அதிகாரத்தில்தான், சைப்பிரஸ் தீவில், அதுவும் போகிறபோக்கில் வருகிறது. அங்கே எதிரில் இருந்த ரோம ஆளுநர் பெயரும் பவுல் என்பது வேடிக்கை.

இன்னொரு வேடிக்கை: இஸ்ரயேலின் முதல் அரசர் சவுல், கூட்டத்தில் எல்லாரும் அவர் தோளுக்குக் கீழே நிற்கும் உயரம். அதே பென்யமின் குலத்தில் வந்த இந்தச் சவுலுக்கோ மறுபெயர் சிறியவன். இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘பவுலும் தெக்ளாவும்’ என்ற கதை அவரைக் குள்ள உருவம், வழுக்கைத் தலை, வளைந்த கால், கூடிய புருவம் என்று வருணிக்கிறது. பெயரைப் பார்த்து ஆளை வரைந்தார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

ஸ்பெயினில் பாப்லோ, ரஷ்யாவில் பாவெல், அரபியில் பூலுஸ், கேரளத்தில் பவுலோஸ். எல்லா இடத்திலும் ஒலி நின்றது, பொருள் உதிர்ந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டார்கள்: சின்னப்பர். யோவானை அருளப்பர் ஆக்கியதும் இதே கைதான். கடவுளின் அருள் என்ற எபிரேயப் பொருள் அதில் அப்படியே இருக்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியம் பவுல், யோவான் என்று ஒலிக்கே போய்விட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

சின்னப்பன் என்ற பெயரைக் கேட்டதும் கத்தோலிக்கர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சித்தப்பாவைச் சின்னப்பா என்று கூப்பிடும் ஊர்கள் உண்டு. நடிகர் பி.யு. சின்னப்பாவுக்கும், முருகனே கதியென்று படமெடுத்த சாண்டோ சின்னப்பா தேவருக்கும் ரோமாபுரியோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை.