தன்மனுவழி நிரந்தர வதிவுரிமை (ஐக்கிய அமெரிக்கா)

தன்மனுவழி நிரந்தர வதிவுரிமை என்பது, ஐக்கிய அமெரிக்காவில் ஆய்வாளர் ஒருவர் வேலைதருநரின் ஆதரவின்றித் தாமே குடிவரவு மனுவைத் தாக்கல் செய்து, பச்சை அட்டை எனப் பரவலாக அறியப்படும் நிரந்தர வதிவுரிமையைக் கோரும் முறையாகும். இதற்கு வழக்கறிஞரை அமர்த்துதல் சட்டப்படி கட்டாயமன்று. முதுமுனைவர் ஆய்வாளர்களின் பணி பெரும்பாலும் குறுகியகால ஆய்வு நிதியைச் சார்ந்தது. வேலை முடிந்தாலும் தன்மனு மனுதாரருக்கே உரியதாக இருப்பது இம்முறையின் முதன்மைப் பயன் ஆகும்.

வகைகள்

ஆய்வாளர்கள் தாமே மனுச் செய்யக்கூடிய வகைகள் இரண்டு. இரண்டிற்கும் படிவம் ஐ-140 பயன்படுகிறது.

* அதிசிறப்புத் திறன் (ஈபி-1ஏ): பன்னாட்டுப் பெரும் பரிசு பெறாதவர் பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்றை நிறைவு செய்தல் வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள், பிறர் ஆய்வை மதிப்பிட்ட பணி, துறைக்கு ஆற்றிய மூலப் பங்களிப்பு ஆகிய மூன்றையே ஆய்வாளர் பலரும் காட்டுவர். இவற்றை நிறைவு செய்த பின்னரும், துறையின் மேல்மட்டத்தைச் சேர்ந்தவரா என முழுமையாக மதிப்பிடப்படும்.
* தேசிய நலன் விலக்கு (ஈபி-2): முதுநிலைப் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி உடையோர், வேலைவாய்ப்புக் கடிதமும் தொழிலாளர் சான்றளிப்பும் தமக்குத் தேவையில்லை எனக் கோருவது.

'சிறந்த பேராசிரியர், ஆய்வாளர்' (ஈபி-1பி) என்னும் வகை பெயரால் ஒத்திருப்பினும், அதில் வேலைதருநரே மனுச் செய்ய இயலும்.

வரலாறு

இவ்வகைகள் 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தால் உருவாயின. 1998இல் நியூயார்க் மாநிலப் போக்குவரத்துத் துறை வழக்கில் தேசிய நலனுக்கான முதல் வரையறை வகுக்கப்பட்டது. 2016 டிசம்பரில் தனசார் வழக்கின் முடிவு அதனை நீக்கி, இன்றும் நடைமுறையிலுள்ள மூன்று சோதனைகளை அறிமுகப்படுத்தியது. வான்வெளிப் பொறியியல் ஆய்வாளர் ஒருவரின் மனுவே அவ்வழக்கு. அச்சோதனைகளாவன:

1. மேற்கொள்ளும் முயற்சி கணிசமான தகுதியும் தேசிய முக்கியத்துவமும் உடையதாதல்.
2. அதனை முன்னெடுக்க மனுதாரர் ஏற்ற நிலையில் இருத்தல்.
3. வழக்கமான நிபந்தனைகளை விலக்குதல் நாட்டிற்கு நன்மை தருவதாதல்.

மனு தயாரித்தல்

மனுவில் படிவம், கட்டணம், வாதங்களை விளக்கும் முகப்புக் கடிதம், பரிந்துரைக் கடிதங்கள், சான்றுகள் ஆகியன அடங்கும். தாமே எழுதுவோர் பொதுவாகச் செய்யும் பிழைகள் மூன்று. முதலாவது, தம் துறை முக்கியமானது என நிறுவிவிட்டுத் தம் முயற்சி ஏன் முக்கியமானது என்பதை விட்டுவிடுதல். இரண்டாவது, நெறியாளரிடமும் உடன் பணிபுரிந்தோரிடமும் மட்டுமே பரிந்துரை பெறுதல். மூன்றாவது, மேற்கோள் எண்ணிக்கையைத் தந்து, அம்மேற்கோள்கள் எவ்வாறு பயன்பட்டன என விளக்காமை. சான்றுகள் போதாவிடில் கூடுதல் சான்று கோரும் கடிதம் வரலாம். அதில் குறித்த நாளுக்குள் விடையளிக்காவிடில் மனு மறுக்கப்படலாம். மறுக்கப்படும் மனுவின் கட்டணம் திருப்பித் தரப்படுவதில்லை.

பிறப்பிட ஆவணங்கள்

வதிவுரிமைக்கான இறுதிக்கட்ட விண்ணப்பத்தில் பிறப்புச் சான்றிதழ் இன்றியமையாதது. தமிழ்நாட்டில் பிறந்தோருக்குச் சில சிக்கல்கள் எழுவதுண்டு. எடுத்துக்காட்டாக, திண்டுக்கல் மாவட்டம் 1985இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. எனவே அதற்கு முன் திண்டுக்கல்லில் பிறந்தவரின் பழைய ஆவணங்களில் மதுரை மாவட்டம் என்றும், பிற்காலத்தவற்றில் திண்டுக்கல் மாவட்டம் என்றும் இருக்கலாம். முகப்புக் கடிதத்தில் இதனை ஓரிரு வரிகளில் விளக்குதல் நன்று. குழந்தையின் பெயர் இல்லாமலே பதிவான சான்றிதழில் உள்ளாட்சி அமைப்பு மூலம் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தவறினால் பள்ளிச் சான்றிதழ், உறவினரின் உறுதிமொழிப் பத்திரம் போன்ற துணைச் சான்றுகள் தேவைப்படலாம். தலைப்பெழுத்து சில ஆவணங்களில் தந்தை பெயராக விரிந்தும் சிலவற்றில் சுருங்கியும் இருப்பது மற்றொரு சிக்கல். தமிழில் உள்ள ஆவணத்துடன் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் சான்றொப்பமும் இணைக்கப்படல் வேண்டும்.

காத்திருப்பு

ஐ-140 ஏற்கப்படுவதால் மட்டும் வதிவுரிமை கிடைத்துவிடாது. வேலைவழி வதிவுரிமை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 பேருக்கே வழங்கப்படும். எந்நாட்டினரும் பொதுவாக 7 விழுக்காட்டிற்கு மேல் பெற இயலாது. ஈபி-2 வகையில் இந்தியாவின் பங்கு, வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் உட்பட, ஏறத்தாழ 2,800 மட்டுமே. பிற வகைகளில் எஞ்சுபவை கிடைத்தால் இது கூடலாம். எனவே இவ்வகையில் இந்தியாவில் பிறந்தோர் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்கிறது. இதற்கிடையில் 21 வயதைக் கடக்கும் பிள்ளைகள் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து விலக்கப்படும் இடர் உண்டு.

ஏற்கப்பட்ட மனுவின் முன்னுரிமை நாளைப் பின்னர் ஈபி-1ஏ மனுவிற்கும் பயன்படுத்தலாம் என்பதால், தேசிய நலன் விலக்கைப் பலர் முதலில் கோருகின்றனர். நாடு என்பது குடியுரிமையை அன்றிப் பிறந்த இடத்தையே குறிக்கும். வாழ்க்கைத் துணை இலங்கையில் பிறந்தவராயின், அந்நாட்டின் வரிசையில் இருவரும் சேர இயலும்.

வழக்கறிஞர் தேவைப்படும் இடங்கள்

விசா நிபந்தனை மீறல், கைது, ஜே-1 விசாவின் ஈராண்டுத் தாயக வதிவு நிபந்தனை ஆகியன உள்ளபோது தாமே மனுச் செய்தல் இடர்மிக்கது. எஃப்-1, ஜே-1 விசாக்களில் இருப்போர் ஐ-140 தாக்கல் செய்தால், பின்னர் சென்னைத் துணைத் தூதரகத்தில் விசா புதுப்பிக்கும்போது குடியேறும் நோக்கம் உடையவராகக் கருதப்படலாம். உரிமம் பெற்ற வழக்கறிஞர்களும் அரசு ஏற்பு பெற்ற சார்பாளர்களும் மட்டுமே சட்ட ஆலோசனை வழங்கலாம். பிற 'குடிவரவு ஆலோசகர்களுக்கு' அவ்வுரிமை இல்லை.

இவற்றையும் பார்க்க

* பச்சை அட்டை
* எச்-1பி விசா
* அமெரிக்கத் தமிழர்