மின்சுற்றின் முடிச்சை அவிழ்த்தவர்கள்

இயற்பியல் பயிலும் மாணவர் பலர், மின்சுற்றுப் படம் ஒன்றைக் கண்டதும் மருள்வதை நான் பார்த்திருக்கிறேன். கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. தடைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எங்கே தொடங்குவது என்று அறியாமல், விதிகளை மனப்பாடம் செய்யத் தலைப்படுகின்றனர். அவ்விதிகள் யாரால், எத்தேவை குறித்துப் பிறந்தன என்பதை அறிந்தால் அம்மருட்சி பெரிதும் நீங்கும் என்பது என் எண்ணம். அந்த வரலாற்றையே இங்குச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1789 இல் பிறந்த ஜார்ஜ் சைமன் ஓம், கொலோன் நகரத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தார். அக்காலத்து மின்கலங்கள் நிலையான ஓட்டத்தைத் தரவில்லை. ஆகவே அவர், செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னோட்டத்தைப் பெற்றார். பலவகை நீளமுள்ள கம்பிகளை அதனோடு பொருத்தி அளந்தார். 1827 இல் அவர் வெளியிட்ட நூல், ஓட்டமும் அழுத்தமும் தடையும் ஒன்றற்கொன்று கொண்ட உறவைக் கணித வடிவில் கூறிற்று. அந்நூலுக்கு முதலில் உரிய வரவேற்புக் கிட்டவில்லை. 1841 இல் இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் வழங்கிய பின்னரே அவர் புகழ் பரவலாயிற்று.

ஓம் விதியைக் கொண்டு தொடரிணைப்பையும் பக்க இணைப்பையும் கணக்கிடலாம். தொடரில் தடைகளைக் கூட்டுகிறோம். பக்க இணைப்பில் தலைகீழ் எண்களைக் கூட்டுகிறோம். எல்லாச் சுற்றுகளும் இவ்விரண்டுக்குள் அடங்குமா எனின், அடங்கா. வீட்ஸ்டன் சமனச்சுற்றை நினைவுகூர்க. சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி என்பவர் 1833 இல் கண்ட அமைப்பு அது. 1843 இல் சார்லஸ் வீட்ஸ்டன் அதனைப் பரப்பியமையால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. கிறிஸ்டிக்கு உரிய பெருமையை வீட்ஸ்டனே எடுத்துரைத்தார் என்பது குறிப்பிடத் தக்கது. சமநிலையில் நடுக்கம்பியில் ஓட்டம் இல்லை. அதனை நீக்கிவிட்டே கணக்கிடலாம். சமநிலை குலைந்தாலோ, ஐந்து தடைகளுள் எந்த இரண்டும் தொடராகவும் இல்லை, பக்கமாகவும் இல்லை. பள்ளியில் கற்ற இரு வழிகளும் அங்கே அடைபட்டுப் போகின்றன.

இந்த அடைப்பைத் திறந்தவர் முதிர்ந்த பேராசிரியர் அல்லர். இருபத்தொரு வயது மாணவர். கோனிக்ஸ்பர்க் நகரில் 1824 இல் பிறந்த குஸ்டவ் கிர்க்காஃப், அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் நாய்மனிடம் பயின்றார். கணித இயற்பியலுக்கென நாய்மன் அங்கே ஒரு பயிலரங்கை நடத்திவந்தார். பிறர் கண்டவற்றைக் கேட்டெழுதுவதோடு நில்லாமல், மாணவர் தாமே சிக்கல்களை ஆராய்ந்து எழுத வேண்டும் என்பது அதன் நோக்கம். அச்சூழலில் உருவான கட்டுரையொன்று 1845 இல் வெளிவந்தது. மெல்லிய தகட்டில் மின்னோட்டம் பரவுதலே அதன் பொருள். இன்று உலகெங்கும் பயிலும் இரு விதிகளும் அக்கட்டுரையின் பிற்பகுதியில் ஒரு துணைச் செய்தி போலவே இடம்பெற்றன.

அவ்விதிகள் கூறுவன யாவை? ஒரு சந்திக்கு வந்து சேரும் ஓட்டங்களின் தொகையும், அதனை விட்டு நீங்கும் ஓட்டங்களின் தொகையும் சமம். வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் நீர் புதிதாகத் தோன்றுவதும் இல்லை, மறைவதும் இல்லை அன்றோ? அதுவே முதல் விதி. மூடிய சுற்று ஒன்றை முழுதும் வலம் வந்தால், அழுத்தத்தின் ஏற்றமும் இறக்கமும் ஈடாகிவிடும் என்பது இரண்டாவது. குன்றில் ஏறி, வேறு வழியாக இறங்கி, புறப்பட்ட படிக்கே ஒருவர் மீண்டால், ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் ஒன்றே.

எத்தனை சமன்பாடுகள் எழுத வேண்டும் என்ற வினாவிற்கும் அவரே 1847 இல் விடை கண்டார். கிளைகளின் எண்ணிக்கையிலிருந்து சந்திகளின் எண்ணிக்கையைக் கழித்து ஒன்றைக் கூட்டினால், தனித்த சுற்றுகளின் தொகை கிட்டும். சமனச்சுற்றில் மின்கலத்தையும் சேர்த்துக் கிளைகள் ஆறு, சந்திகள் நான்கு. ஆகவே சுற்றுகள் மூன்று. மூன்று சமன்பாடுகள் போதும். நான்காவது எழுதினால் அது முன்னவற்றின் மறுபடியாகவே அமையும்.

விதி முழுமை பெற்றது, உழைப்போ குறையவில்லை. ஒரே ஒரு தடையில் ஓடும் மின்னோட்டத்தை அறிய, சுற்று முழுவதையும் தீர்க்க வேண்டுமா? தந்தித் துறைப் பொறியாளர்க்குக் கற்பித்துவந்த லியோன் தெவெனின் என்ற பிரெஞ்சுக்காரர், 1883 இல் இதற்கொரு சுருக்க வழி கூறினார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853 இலேயே இக்கருத்தை வெளியிட்டிருந்தார். எனினும் தெவெனின் பெயரே வழக்கில் நின்றது. மின்கலங்களும் தடைகளும் கொண்ட வலையமைப்பு எத்துணைச் சிக்கலாயினும், அதன் இரு முனைகளிலிருந்து நோக்கினால், ஒரே மின்னியக்கு விசையும் ஒரே தடையும் கொண்ட எளிய மின்கலம் போலவே அது நடந்துகொள்ளும் என்பது அவர் தேற்றம்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 10 வோல்ட் மின்கலத்தோடு 6 ஓம், 4 ஓம் தடைகள் தொடராக உள்ளன. 4 ஓம் தடையின் இரு முனைகளில் 1.6 ஓம் தடையொன்றைப் பொருத்த வேண்டும். பொருத்துவதற்குமுன் அம்முனைகளில் 4 வோல்ட் உள்ளது. மின்கலத்தின் அகத்தடையை விடுத்து, அதனை வெறும் கம்பியாகக் கருதினால், 6 உம் 4 உம் பக்க இணைப்பாகி 2.4 ஓம் ஆகின்றன. 2.4 உடன் 1.6 சேர 4 ஓம். 4 வோல்ட்டை அதனால் வகுக்க, ஓட்டம் 1 ஆம்பியர். முழுச் சுற்றையும் கிர்க்காஃப் விதிப்படி தீர்த்துப் பாருங்கள். அதே விடை வரும்.

இங்கே மாணவர் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். 1.6 ஓம் தடையை நீக்கிவிட்டால், உண்மைச் சுற்றில் 1 ஆம்பியர் ஓடி, 10 வாட் ஆற்றல் வெப்பமாகிறது. நாம் அமைத்த எளிய சுற்றிலோ ஓட்டமே இல்லை, வெப்பமும் இல்லை. வெளியிலிருந்து நோக்குவார்க்கே இரண்டும் ஒன்று. உள்ளே நிகழ்வன வேறு. எதனை மறக்கலாம், எது வரையில் மறக்கலாம் என்று அறிவதே எளிமையாக்கும் கலை. இவ்வெல்லையை அறியாதவன் கணக்கில் வெற்றி பெற்றாலும், கருவியின் முன் நிற்கும்போது தடுமாறுவான்.

பம்பாய் நகரின் கொலாபாவில் 1861 இல் பிறந்து, அமெரிக்காவில் எடிசனிடம் பணியாற்றிய ஆர்தர் கென்னலி, 1899 இல் மற்றொரு வாயிலைத் திறந்தார். முக்கோண வடிவில் இணைந்த மூன்று தடைகளுக்கு ஈடாக, நட்சத்திர வடிவில் மூன்று தடைகளை வைக்கலாம் என்று அவர் காட்டினார். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் 3 ஓம் எனின், நட்சத்திரத்தின் ஒவ்வொரு கிளையும் 1 ஓம். சமனச்சுற்றின் ஒரு முக்கோணத்தை இவ்வாறு மாற்றியதும், எஞ்சியவை தொடராகவும் பக்கமாகவும் பிரிந்துவிடுகின்றன. அடைபட்ட பழைய வழிகள் மீண்டும் திறந்துகொள்கின்றன.

இன்று ஆயிரக்கணக்கான கிளைகளைக் கணிப்பொறி நொடியில் தீர்த்துவிடுகிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1973 இல் வெளிவந்த ஸ்பைஸ் என்னும் நிரல் இத்துறையில் பெயர் பெற்றது. அதன் முன்னோடியும் ஒரு வகுப்பில் மாணவர் செய்த பயிற்சியிலேயே பிறந்தது. அதனுள்ளும் அடிப்படையாக நிற்பது, சந்தியில் ஓட்டங்கள் ஈடாகும் என்ற 1845 ஆம் ஆண்டின் விதியே.

ஆகவே மாணவ நண்பர்களே, சிக்கலான படம் எதிர்ப்படும்போது பேனாவை உடனே எடுக்க வேண்டா. சந்திகளை எண்ணுங்கள். எந்த இரு முனைகளுக்கிடையே விடை வேண்டும் என்று வரையறுங்கள். ஒரே அழுத்தமுள்ள புள்ளிகள் உளவா என்று தேடுங்கள். பிறகு படத்தை உங்கள் கையாலேயே வேறு வடிவில் வரைந்து பாருங்கள். விதியை மனப்பாடம் செய்தவனுக்கு ஒரு கணக்கு விளங்கும். படத்தை மாற்றி வரையக் கற்றவனுக்கு, இதுவரை காணாத கணக்கும் விளங்கும்.