சந்திரகிரி: சென்னையின் தாய்ப் பத்திரம்

திருப்பதிக்குப் போகாத தமிழ்க் குடும்பம் உண்டா? வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகும் நம்மைப் போன்றவர்களுக்குப் பிள்ளைக்கு மொட்டை, பெருமாள் தரிசனம், லட்டு இந்த மூன்றும் கட்டாயம். ஆனால் திருப்பதியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் சந்திரகிரிக்குப் போய் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் வங்கிக்காரன். வீட்டுக் கடன் கேட்டு வருகிறவர் காட்டும் கிரயப் பத்திரம் மட்டும் எங்களுக்குப் போதாது. அவருக்கு விற்றவர் யார், அதற்கு முன் யார் என்று பின்னாலேயே போய்த் தாய்ப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். சென்னைக்கு அப்படிப் பார்த்துக்கொண்டே போனால் சந்திரகிரி ராயர்களிடம் போய் நிற்போம்.

சந்திரகிரி பழைய ஊர். கோட்டையை யாதவராயர்கள் கட்டியதாகச் சொல்வார்கள். 15-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர்தான் 1485-இல் விஜயநகர சிம்மாசனத்தையே பிடித்தார். கிருஷ்ணதேவராயரின் தம்பி அச்சுதராயர் 1529-இல் பட்டத்துக்கு வருமுன் காவலில் வைக்கப்பட்டிருந்ததும் இந்தக் கோட்டையில்தான்.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. தலைநகரம் பெனுகொண்டாவுக்குப் போய், 1592 வாக்கில் சந்திரகிரிக்கு வந்தது. அப்போது அரசர் இரண்டாம் வேங்கடபதி ராயர் (1586-1614). பிறகு அரசவை வேலூருக்கும் சந்திரகிரிக்குமாக மாறி மாறி இருந்தது.

அந்தக் காலத்தில் கிழக்குக் கடற்கரையில் கடை விரிக்க விரும்பிய வெள்ளைக்காரர்கள் எல்லாம் இந்த அரசவையில் வந்து நிற்க வேண்டும். 1598-இல் ஏசு சபைப் பாதிரிமார்கள் சந்திரகிரிக்கு வந்தார்கள். போர்த்துக்கலையும் சேர்த்து ஆண்ட ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பிலிப்புக்கும் ராயருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. டச்சுக்காரர்களுக்குப் பழவேற்காட்டில் இடம் கிடைத்ததும் (1610) இதே ராயரின் ஒப்புதலால்தான்.

கடைசியாக வந்தவர்கள் ஆங்கிலேயர்கள். நெல்லூர்க் கரையில் ஆர்மகான் என்ற இடத்தில் (இன்றைய துகராஜபட்டினம்) அவர்களுக்கு ஒரு பண்டகசாலை இருந்தது. வியாபாரம் சரியில்லை. நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் இடம் தேடித் தெற்கே வந்த பிரான்சிஸ் டே, ராயருக்கு உட்பட்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் மதராசபட்டினத்தைக் கேட்டு வாங்கினார். ஆகஸ்ட் 22, 1639. இன்று சென்னை தினம் கொண்டாடும் தேதி.

நிபந்தனைகள் சுவையானவை. கோட்டை கட்டிக் குடியேறிய பின் முதல் 2 வருடம் நிர்வாகமும் வருமானமும் கம்பெனிக்கு. அதன் பிறகு துறைமுகச் சுங்கத்தில் சரிபாதி நாயக்கருக்கு. கோட்டைச் செலவு யாருடையது என்பதில் பின்னால் தகராறும் வந்தது. கடைசியில் கம்பெனிதான் கட்டியது.

சந்திரகிரி ராஜ மஹாலில் வைத்து ஸ்ரீரங்க ராயர் இந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டார் என்று ஊரில் சொல்வார்கள். பத்திரம் சரிபார்க்கிற கண்ணால் தேதிகளைப் பார்ப்போம். 1639-இல் கொடுத்தவர் நாயக்கர். அன்றைய ராயர் மூன்றாம் வேங்கடபதி. ஸ்ரீரங்கர் பட்டத்துக்கு வந்தது 1642-இல்; அவர் 1645-இல் கொடுத்தது புதுப்பித்தல். உரிமையாளர் மாறினால் குத்தகையைப் புதுப்பித்துக்கொள்வது எந்த நாளிலும் புத்திசாலித்தனம்! அடுத்த வருடமே சந்திரகிரி கோல்கொண்டா சுல்தான் வசம் போனது. கம்பெனி அவர்களிடமும் புதுப்பித்துக்கொண்டது. 1672-இல் வருட வாடகை 1200 வராகன் என்று முடிவானது.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை யோசிக்க வைக்கிறது. சந்திரகிரி 1782-இல் ஹைதர் அலியிடம் விழுந்து, 1792 வரை மைசூர் வசம் இருந்தது. 1801-இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனியிடம் வந்தது. சித்தூரில் வட ஆற்காடு கலெக்டர் உட்கார்ந்தார். 1843 வரை திருமலைக் கோயில் நிர்வாகமே அவர் பொறுப்பில் இருந்தது. பாதிப் பங்குக்குக் கடற்கரையில் இடம் கேட்டு வந்தவர்கள், இடம் கொடுத்த ராயர்களின் குலதெய்வத்துக்கே கணக்கு எழுதினார்கள்! சென்னை மாநகரமாக வளர்ந்தது. சந்திரகிரி சின்ன ஊராகவே நின்றுவிட்டது.

அதுவே அதன் அழகும்கூட. மலையடிவாரத்தில் கோட்டைச் சுவர், சிதைந்த கோயில்கள், ஒரு குளம். நடுவே மூன்று அடுக்கு ராஜ மஹால். மரமே சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்பு கொண்டு கட்டியது. வளைவுகள் சுல்தான்கள் பாணி. உச்சியில் கோபுரங்கள் கோயில் பாணி. பக்கத்திலேயே சிறிய ராணி மஹால். ராஜ மஹாலுக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது.

1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது மதராஸ் யாருக்கு என்று பெரிய சண்டை. எல்லைத் தகராறு அதோடு முடியவில்லை. 1960-இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. திருப்பதி அந்தப் பக்கமே நின்றது. இரண்டு பக்கமும் நியாயம் பேசினார்கள். ஆனால் பத்திரம் சொல்லும் கதை வேறு. சென்னப்பட்டினம் என்ற பெயரே தாமர்ல நாயக்கரின் தந்தை சென்னப்பரின் பெயரால் வந்தது. தெலுங்கு பேசிய நாயக்கர் கொடுத்த மண்ணில் தமிழரும் தெலுங்கரும் சேர்ந்து வளர்த்த ஊர் அது. வெளிநாட்டில் பிறந்து, "நாங்க சென்னை" என்று சொல்லி வளரும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த முறை திருப்பதி போகும்போது அரை நாள் ஒதுக்குங்கள். ஸ்ரீனிவாச மங்காபுரம் கல்யாண வேங்கடேஸ்வரரைச் சேவித்துவிட்டு அப்படியே சந்திரகிரி போகலாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, கவனம். காட்பாடி வழியாக ரயிலில் வருகிறவர்களுக்குச் சந்திரகிரியில் ஒரு சின்ன ஸ்டேஷனும் உண்டு.